எக்ஸ் இல்லாத பிரேசில்: 2024 தடைக்காலத்தில் கூட்டம் எங்கே போனது? ஒரு நிகழ்வு ஆய்வு

எதற்காக இந்தப் பதிவு

ஒரே நிறுவனத்தின் கையில் இல்லாமல் பல சர்வர்களில் பரவி இயங்கும் மையமில்லாத சமூக வலைத்தளங்களால் ட்விட்டர் போன்ற பெரிய தளங்களின் இடத்தைப் பிடிக்க முடியுமா என்ற பேச்சு ரொம்ப நாளாக ஓடுகிறது. பெரும்பாலும் ஊகம்தான். "எல்லாரும் போனா நானும் வர்றேன்" என்ற இடத்தில் பேச்சு நின்றுவிடும். எல்லாரும் ஒரே நாளில் கிளம்பியாக வேண்டும் என்ற நிலை வந்தால் என்ன ஆகும் என்று யாரும் சோதித்துப் பார்க்க முடியாது. 2024 ஆகஸ்ட் கடைசியில் பிரேசில் உச்ச நீதிமன்றம் எக்ஸ் (முன்னாள் ட்விட்டர்) தளத்தை நாடு முழுக்க முடக்கியபோது, அந்தச் சோதனை திட்டமிடாமலே நடந்துவிட்டது. கிட்டத்தட்ட நாற்பது நாள் நீடித்தது. பிறகு எக்ஸ் திரும்பியும் வந்தது. போனதையும் பார்க்கலாம், திரும்பியதையும் பார்க்கலாம் என்பதால்தான் இந்த நிகழ்வு முக்கியமாகிறது.

தனிநபர் பெயர்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். உத்தரவு போட்ட நீதிபதி யார், எக்ஸின் உரிமையாளர் யார் என்பது ஊருக்கே தெரியும். அவர்களுக்கிடையே நடந்த மோதலைப் பற்றி வேண்டிய அளவு எழுதியாகிவிட்டது. நடுவில் மாட்டிக்கொண்ட பயனர்கள் என்ன செய்தார்கள், அவர்கள் போய் இறங்கிய தளம் எப்படித் தாங்கியது என்பதுதான் இங்கே விஷயம்.

பின்னணி

பிரேசில்காரர்களுக்கு வீடு மாறிப் பழக்கம் உண்டு. நம் ஊரைப் போலவே அங்கேயும் ஒரு காலத்தில் ஆர்குட் கொடிகட்டிப் பறந்தது. கூகுள் அதை 2014 செப்டம்பர் 30 அன்று மூடியது. 2015 டிசம்பரில் ஒரு நீதிமன்றம் வாட்ஸ்அப்பை முடக்கியபோது, தடை நீங்குவதற்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் டெலிகிராமில் கணக்குத் தொடங்கியிருந்தார்கள். 2016இலும் வாட்ஸ்அப் முடக்கப்பட்டது.

2022 அக்டோபர் இறுதியில் ட்விட்டர் கைமாறியது; அடுத்த மாதம் அந்தப் பதற்றத்தில் அவர்கள் தேடிப் போன இடம் பெங்களூரில் தொடங்கப்பட்ட கூ என்ற சமூக வலைத்தளம். அந்தப் பெயர் போர்த்துகீசிய மொழியில் ஒரு கெட்ட வார்த்தைபோல ஒலித்ததால் முதலில் கேலிக்காகத்தான் போனார்கள். ஆனால் இரண்டு நாளில் பத்து லட்சம் பதிவிறக்கம் ஆனது, கூ அவசர அவசரமாகப் போர்த்துகீசிய மொழியைச் சேர்த்தது. அந்த அலை நிற்கவில்லை. 2024 ஜூலையில் கூ நிறுவனமே மூடுவதாக அறிவித்தது. அதாவது எக்ஸ் முடக்கப்படுவதற்கு இரண்டு மாதத்துக்கும் குறைவான காலத்துக்கு முன்னால்தான், முந்தைய அடைக்கலம் கதவைச் சாத்தியது. மையமுள்ள ஒரு தளத்திலிருந்து மையமுள்ள இன்னொரு தளத்துக்கு ஓடினால் என்ன ஆகும் என்பதற்கு வேறு உதாரணம் வேண்டியதில்லை.

2024இல் மையமில்லாத தளம் என்று சொல்லிக்கொண்ட பெரிய பெயர்கள் இரண்டு. ஒன்று 2016இல் ஜெர்மனியில் தொடங்கிய மஸ்தடான். ஆயிரக்கணக்கான சர்வர்கள், ஒவ்வொன்றையும் வெவ்வேறு ஆட்கள் நடத்துகிறார்கள்; ஆக்டிவிட்டிபப் என்ற நெறிமுறை (சர்வர்கள் தகவல் பரிமாறிக்கொள்வதற்கான பொது விதிகள்) வழியாக அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. அந்த நெறிமுறை 2018 ஜனவரியில் உலகளாவிய வலைத் தரமாக ஏற்கப்பட்டது. இன்னொன்று ப்ளூஸ்கை. ட்விட்டரே 2019இல் அறிவித்த ஆய்வுத் திட்டமாகத் தொடங்கி, பிறகு தனி நிறுவனமானது. அழைப்பு இருந்தால்தான் சேரலாம் என்றிருந்த தளம் 2024 பிப்ரவரி 6 அன்று எல்லாருக்கும் திறந்தது. வெளியாட்கள் சொந்த சர்வரில் கணக்கு வைத்துக்கொள்ளும் வசதியும் அதே மாதம் வந்தது. ஆகஸ்டில் அதன் மொத்தப் பயனர்கள் சுமார் 60 லட்சம். ஊழியர்கள் இருபது பேர் அளவில்.

மெட்டாவின் த்ரெட்ஸையும் மறந்துவிடக்கூடாது. அது மையமுள்ள தளம்தான். பயனர் விரும்பினால் தன் பதிவுகள் மஸ்தடானிலும் தெரியும்படி வைக்கலாம் என்ற வசதியை 2024இல் பல நாடுகளில் சேர்த்திருந்தது.

ஆகஸ்ட் 17 முதல் 31 வரை

மோதலின் வேர் 2023 ஜனவரி 8 அன்று தலைநகர் பிரேசிலியாவில் நடந்த கலவரத்திலும் அதைத் தொடர்ந்த விசாரணைகளிலும் இருக்கிறது. சில கணக்குகளை முடக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டது. எக்ஸ் இது தணிக்கை என்றது. 2024 ஏப்ரலில் உரிமையாளரே வெளிப்படையாக மறுத்துப் பேசினார். ஆகஸ்ட் 17 அன்று எக்ஸ் தன் பிரேசில் அலுவலகத்தை மூடுவதாக அறிவித்தது. நாட்டில் சட்டப் பிரதிநிதி யாருமில்லை என்றாகிவிட்டது. 28ஆம் தேதி, 24 மணி நேரத்துக்குள் பிரதிநிதியை நியமிக்காவிட்டால் முடக்குவோம் என்று நீதிபதி உத்தரவிட்டார். அந்த உத்தரவை நீதிமன்றத்தின் கணக்கு எக்ஸிலேயே பதிவிட்டது.

30ஆம் தேதி வெள்ளிக்கிழமை முடக்க உத்தரவு வந்தது. தொலைத்தொடர்பு ஆணையம் 20,000க்கும் மேற்பட்ட இணையச் சேவை நிறுவனங்களுக்குத் தகவல் சொல்ல வேண்டியிருந்தது. நள்ளிரவு தாண்டியதும் ஒவ்வொரு ஊராகத் தளம் அணையத் தொடங்கியது. விபிஎன் (வேறு நாட்டிலிருந்து இணைவதுபோலக் காட்டும் செயலி) வழியாக உள்ளே போனால் ஒரு நாளைக்கு 50,000 ரியால் (பிரேசில் நாணயம்) அபராதம், நம் கணக்கில் ஏழு லட்சம் ரூபாய்க்கு மேல். விபிஎன் செயலிகளையே கடைகளிலிருந்து நீக்கச் சொன்ன பகுதி அன்றே திரும்பப் பெறப்பட்டது. அபராதம் அப்படியே இருந்தது. செப்டம்பர் 2 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு தடையை ஒருமனதாக உறுதி செய்தது.

பிரேசிலில் எக்ஸ் பயனர்கள் இரண்டு கோடிக்கு மேல் என்பது அப்போது பரவலாகச் சொல்லப்பட்ட மதிப்பீடு. அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு நாள். கடைசி மணி நேரங்களில் பெரும்பாலோர் செய்தது ஒன்றுதான்: வேறு எந்தத் தளத்தில் தங்களைப் பார்க்கலாம் என்று பெயரும் இணைப்பும் எழுதி ஒரு பதிவு போட்டு, அதை மேலே பின் செய்து வைத்தார்கள். நாட்டின் அதிபரும் தன் மற்ற கணக்குகளின் பட்டியலை வெளியிட்டார்; அதில் ப்ளூஸ்கையும் இருந்தது.

இதில் உலகத்துக்கே புதிதாகத் தெரிந்த ஒரு சங்கதி ஃபேன் பேஜ்கள். ஹாலிவுட் நடிகர்கள், அமெரிக்கப் பாடகர்கள் பெயரில் ஆங்கிலத்தில் சுடச்சுடச் செய்தி போடும் பக்கங்களில் ஏராளமானவை பிரேசிலிலிருந்து நடத்தப்பட்டவை. பின்தொடர்ந்தவர்களுக்கு அது தெரியாது. அந்தப் பக்கங்கள் அன்று வரிசையாக விடைபெற்றன. சில, வெளிநாட்டில் இருக்கும் சக நிர்வாகிகளிடம் பொறுப்பைக் கொடுத்தன. தன் ரசிகர் பக்கங்களில் இத்தனை பிரேசிலிலிருந்து வருகின்றனவா என்று ஒரு பிரபல ராப் பாடகியே ஆச்சரியப்பட்டு எழுதினார்.

ஃபேன் பேஜ் நடத்துபவரின் இழப்பு தனி வகை. வருடக்கணக்கில் சேர்த்த பின்தொடர்வோர் எல்லாரும் எக்ஸிலேயே இருக்கிறார்கள், தடையே இல்லாத நாடுகளில். அவர்களைக் கூட்டிக்கொண்டு கிளம்ப வழியில்லை. பிரேசில் நண்பர்களோடு பேசுபவருக்கு அவருடைய கூட்டமும் சேர்ந்து இடம் மாறியது. இவருக்கு அப்படி இல்லை.

முதல் வாரத்தில் கண்டது

கூட்டம் ப்ளூஸ்கை பக்கம் பாய்ந்தது. மூன்று நாளில் பத்து லட்சம் புதிய கணக்குகள். ஒரு வாரத்தில் 25 லட்சத்தைத் தாண்டியது, அதில் மிகப் பெரும்பகுதி பிரேசில். பிரேசில் ஆப் ஸ்டோரில் ப்ளூஸ்கை முதலிடத்தில் இருந்தது. செப்டம்பர் நடுவில் மொத்தப் பயனர் எண்ணிக்கை ஒரு கோடியானது. அந்த நாட்களில் தளத்தின் பொதுவான ஓட்டத்தைத் திறந்தால் போர்த்துகீசியம்தான் கண்ணில் படும். த்ரெட்ஸுக்கும் நிறையப் பேர் போனார்கள், இன்ஸ்டாகிராம் கணக்கு இருந்தால் இரண்டு தட்டில் உள்ளே போய்விடலாம் என்பதால்.

மஸ்தடானுக்கு வந்தது சிறு அலைதான். இத்தனைக்கும் பிரேசில்காரர்கள் நடத்தும் மஸ்தடான் சர்வர்கள் பல ஆண்டுகளாக இருக்கின்றன. மையமில்லாமை என்ற அளவுகோலில் பார்த்தால் மூன்றில் மஸ்தடான்தான் அசல். கூட்டம் அந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு வரவில்லை.

இதற்குச் சொல்லப்படும் வழக்கமான காரணம் "மஸ்தடான் கஷ்டம்" என்பது. அது பாதி உண்மை. எந்த சர்வரில் சேர்வது என்ற கேள்வி பலரை வாசலிலேயே நிறுத்துகிறது என்பது சரிதான். ஆனால் 2023 மே முதல் அதன் செயலி, தேர்வு செய்யத் தெரியாதவர்களுக்கு ஒரு பெரிய சர்வரை முன்வைக்கிறது. வாசலைத் தாண்டியவர்களும் ஏன் தங்கவில்லை என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

சிறிய சர்வரில் ஒருவர் கணக்குத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வேறு சர்வரில் இருக்கும் தன் தோழியின் பக்கத்தைத் திறக்கிறார். இவருடைய சர்வரில் இருப்பவர்கள் யாரும் இதற்கு முன் தோழியைப் பின்தொடர்ந்திருக்காவிட்டால், பழைய பதிவுகள் எதுவும் தெரியாது. பக்கம் காலியாகக் கிடக்கும். ஒரு பதிவுக்கு வந்த பதில்களில் சில தெரியும், சில தெரியாது. சர்வருக்கு என்ன வந்து சேர்ந்ததோ அது மட்டுமே அங்கே இருக்கும். தேடலிலும், தன் பதிவுகளைத் தேடலில் காட்டச் சம்மதித்தவர்கள் மட்டுமே வருவார்கள். பிறர் பதிவை மேற்கோள் காட்டிக் கருத்துச் சொல்லும் வசதி அப்போது இல்லவே இல்லை. கிண்டலும் பதில் கிண்டலும் மேற்கோளில்தான் நடக்கும் பிரேசில் ட்விட்டருக்கு அது கையைக் கட்டிப் போட்டதுபோல. இவற்றில் பல, துன்புறுத்தலைக் குறைக்க வேண்டும் என்று யோசித்து எடுத்த முடிவுகள். நோக்கம் நல்லது. ஆனால் ஒரு கால்பந்து ஆட்டம் நடக்கும்போது ஊரே கத்துவதைக் கேட்க வருபவருக்கு அது அமைதியான தெருவாகத்தான் தெரியும்.

ப்ளூஸ்கையிலும் குறைகள் இருந்தன. வீடியோ போட முடியாது. ட்ரெண்டிங் பட்டியல் கிடையாது. பூட்டிய கணக்கு வைத்துக்கொள்ளும் வசதி இல்லை, அது பிரேசில்காரர்கள் அதிகம் புலம்பிய ஒன்று. இத்தனை இருந்தும் கூட்டம் தங்கியது. வாசல் ஒன்றுதான், உள்ளே போனால் எல்லாரும் தெரிகிறார்கள், ஜூன் மாதம் வந்திருந்த ஸ்டார்ட்டர் பேக் என்ற வசதியால், ஒருவர் தொகுத்த பட்டியலை ஒரே தட்டில் மொத்தமாகப் பின்தொடரலாம். எக்ஸில் பின் செய்து வைத்த கடைசிப் பதிவுகளும் ஸ்டார்ட்டர் பேக்குகளும் சேர்ந்துதான் கூட்டத்தைக் கூட்டமாகவே நகர்த்தின. என் கணிப்பில் மற்ற எல்லாக் காரணங்களையும் விட இது பெரியது.

பெயரளவிலா, உண்மையிலா

ப்ளூஸ்கை எந்த அளவுக்கு மையமில்லாதது என்பதை இங்கே நேராகச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இந்த நிகழ்விலிருந்து தப்பான முடிவு எடுத்துவிடுவோம்.

ஏடி நெறிமுறை என்று அவர்கள் அழைக்கும் அமைப்பில் மூன்று அடுக்குகள். உங்கள் பதிவுகளைச் சேமித்து வைக்கும் சர்வர் ஒன்று. எல்லா சர்வர்களிலிருந்தும் வருவதைத் திரட்டி ஒரே ஓடையாக்கும் ரிலே இன்னொன்று. அதைப் படித்து, யார் யாருக்குப் பதில் சொன்னார், எத்தனை லைக் என்று கணக்கிட்டு செயலிக்குக் கொடுக்கும் அடுக்கு மூன்றாவது. முதல் அடுக்கை யார் வேண்டுமானாலும் நடத்தலாம். உங்கள் அடையாளம் சர்வரோடு கட்டப்படாததால், சர்வரை மாற்றினாலும் பதிவுகளும் பின்தொடர்வோரும் கூடவே வருவார்கள். மஸ்தடானில் சர்வர் மாறினால் பின்தொடர்வோர் வருவார்கள், பழைய பதிவுகள் வராது. அந்த விஷயத்தில் ப்ளூஸ்கையின் வடிவமைப்பு ஒரு படி மேல்.

நடைமுறையில்? 2024 செப்டம்பரில் வந்த பிரேசில்காரர்களில் கிட்டத்தட்ட எல்லாருடைய பதிவுகளும் அந்த நிறுவனத்தின் சொந்த சர்வர்களில்தான் போய் உட்கார்ந்தன. அந்த சர்வர்களுக்குக் காளான் வகைகளின் பெயர் வைத்திருந்தார்கள் என்பது ஒரு சுவாரசியம், அவ்வளவே. எல்லாரும் நம்பியிருந்த ரிலேயும் செயலிக்கான அடுக்கும் நிறுவனத்துடையவை. அடையாளங்களைப் பதியும் பதிவேட்டை நடத்துவதும் அதே நிறுவனம். கதவு திறந்திருக்கிறது, யாரும் வெளியே போகவில்லை என்பதுதான் அன்றைய நிலை.

ஆகவே "மையமில்லாத தளம் எக்ஸை வென்றது" என்று அந்த மாதம் எழுதப்பட்ட கட்டுரைகள் அவசரப்பட்டவை. ஒரு மையத்திலிருந்து, விட்டுப்போகும் உரிமை எழுத்தில் உள்ள இன்னொரு மையத்துக்குக் கூட்டம் போனது. அந்த உரிமைக்கு மதிப்பு இல்லை என்று சொல்லமாட்டேன். கூவில் இருந்தவர்களுக்கு அது இருந்திருந்தால் ஜூலையில் அவர்கள் தங்கள் பதிவுகளோடு வேறு இடத்துக்குப் போயிருக்கலாம்.

தளம் எடுத்த முடிவுகள்

இருபது பேர் நடத்தும் தளத்தில் ஒரே வாரத்தில் இத்தனை லட்சம் பேர் வந்தால் முதலில் சர்வர்தான் திணறும் என்று நினைப்போம். அங்கங்கே வேகம் குறைந்தது, சில நேரம் படங்கள் வரவில்லை, ஆனால் தளம் விழவில்லை. திணறியது புகார்களைப் பார்க்கும் வேலை.

ப்ளூஸ்கை தானே வெளியிட்ட 2024 ஆண்டறிக்கை இதை மறைக்காமல் சொல்கிறது. பிரேசில் அலைக்கு முன் பெரும்பாலான புகார்களை 40 நிமிடத்துக்குள் பார்த்து முடித்தார்கள். ஆகஸ்ட் இறுதியில் ஒரு நாளைக்கு 50,000 புகார்கள் வரை வந்தன. அந்த ஆண்டில் முதல் முறையாகப் புகார்கள் தேங்கின. எடுத்த முடிவுகள்: போர்த்துகீசியம் தெரிந்த பணியாளர்களைக் கூட்டினார்கள், குழந்தைகள் பாதுகாப்பு போன்ற அபாயம் மிகுந்த பகுதிகளுக்குத் தானியங்கிக் கருவிகளைச் சேர்த்தார்கள், முதல் முறையாக வெளி ஒப்பந்த நிறுவனம் வழியாக ஆட்களை எடுத்தார்கள். 2023இல் ஆண்டு முழுக்க வந்த புகார்கள் 3,58,000. 2024இல் 64 லட்சத்தைத் தாண்டியது.

கவனிக்க வேண்டிய இடம் இது. மொழி தெரிந்த ஆள் வேண்டும், சம்பளம் வேண்டும், இரவு பகல் பார்க்க வேண்டும். நெறிமுறை எதுவாக இருந்தாலும் இந்த வேலை குறையாது. அந்தக் கூட்டம் மஸ்தடான் பக்கம் திரும்பியிருந்தால், ஓய்வு நேரத்தில் சர்வர் நடத்தும் தன்னார்வலர்கள் தலையில் இது விழுந்திருக்கும். நூற்றுக்கணக்கான சர்வர்களுக்கிடையே வேலை பிரிந்திருக்கும் என்று வாதிடலாம்; பாதி சர்வர்கள் புதிய பதிவை நிறுத்தியிருக்கும் என்றும் வாதிடலாம். 2022 நவம்பரில் ட்விட்டரிலிருந்து வந்த கூட்டத்தின்போது இரண்டுமே நடந்தன.

வீடியோவை ப்ளூஸ்கை செப்டம்பர் 11 அன்று, தடை தொடங்கி இரண்டு வாரம் ஆவதற்குள், 60 விநாடி அளவோடு வெளியிட்டது.

செப்டம்பர் 18: தடை ஓட்டையானது

அன்று காலை பிரேசிலில் பலருக்கு எக்ஸ் தானாகவே வேலை செய்யத் தொடங்கியது. எக்ஸ் தன் இணையப் போக்குவரத்தை, பல தளங்களுக்கு நடுவில் நின்று சேவை தரும் க்ளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் வலையமைப்புக்கு மாற்றியிருந்தது. இணையச் சேவை நிறுவனங்கள் பழைய முகவரிகளைத்தான் அடைத்திருந்தன. புதிய முகவரிகளை அடைத்தால் அதே முகவரிகளைப் பகிர்ந்துகொள்ளும் வங்கிகள், அரசுத் தளங்கள் எல்லாம் சேர்ந்து நின்றுவிடும். இது தற்செயல் என்றது எக்ஸ். நீதிமன்றம் ஏற்கவில்லை, நாளொன்றுக்கு 50 லட்சம் ரியால் அபராதம் விதித்தது. க்ளவுட்ஃப்ளேர் ஒத்துழைத்து எக்ஸின் போக்குவரத்தைத் தனியே பிரித்துக் கொடுத்ததும் தடை மறுபடி இறுகியது.

மையமில்லாத தளத்தைத் தடை செய்யவே முடியாது என்று சொல்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும். தடையைத் தாண்ட உதவியது எக்ஸ் யாருடைய வலையமைப்பில் போய் உட்கார்ந்தது என்பது. அந்த நிறுவனம் ஒத்துழைத்ததும் ஓட்டை அடைபட்டது. சிறிய மஸ்தடான் சர்வருக்கு அப்படிப்பட்ட நிழலும் கிடையாது. ஒரு பெயரை அடைத்தால் முடிந்தது. ஆயிரம் சர்வர்களை அடைப்பது சலிப்பூட்டும் வேலை என்பது உண்மை, ஆனால் அந்தச் சலிப்பு அதிகாரிகளுக்குத்தான், ஒவ்வொரு சர்வரிலும் இருக்கும் பயனருக்கு அதனால் ஆறுதல் இல்லை.

அக்டோபர் 8க்குப் பிறகு

எக்ஸ் இறங்கி வந்தது. சட்டப் பிரதிநிதியை நியமித்தது, கேட்ட கணக்குகளை முடக்கியது, மொத்தம் 2.86 கோடி ரியால் அபராதம் கட்டியது. அந்தப் பணத்தையும் முதலில் தவறான வங்கியில் போட்டுவிட்டு, திருத்தும்வரை சில நாள் காத்திருந்தார்கள். அக்டோபர் 8 அன்று தடை நீங்கியது.

கூட்டமும் திரும்பியது. எல்லாரும் இல்லை. ப்ளூஸ்கையில் போர்த்துகீசியப் பதிவுகள் உச்சத்திலிருந்து தெளிவாகச் சரிந்தன. தடைக்கு முன்பிருந்த நிலைக்குப் போய்விடவும் இல்லை. ஒரு பகுதியினர் நிரந்தரமாகத் தங்கினார்கள். ஃபேன் பேஜ்கள் பெரும்பாலும் எக்ஸுக்கே போயின, அவர்களுடைய ஆங்கில வாசகர்கள் அங்கேயே இருந்ததால். செய்தி நிறுவனங்கள் இரண்டு இடத்திலும் பதிவிடத் தொடங்கின. அப்படியே ஒரு மாதம் போனது. அமெரிக்கத் தேர்தலுக்குப் பின் நவம்பர் 19 அன்று ப்ளூஸ்கை இரண்டு கோடியைத் தொட்டது. அந்த இரண்டாவது கூட்டத்தை அது தாங்கியதில் பிரேசில் கொடுத்த ஒத்திகைக்குப் பங்கு உண்டு.

அந்தத் திறந்த கதவு வெறும் எழுத்தா என்ற கேள்விக்கு 2025இல் பகுதிப் பதில் கிடைத்தது. ஏப்ரலில் துருக்கி அரசு கேட்டதன்பேரில் ப்ளூஸ்கை 72 கணக்குகளை அந்நாட்டில் மறைத்தது. மறைப்பு நிறுவனத்தின் செயலியில்தான் செயல்பட்டது, அதே நெறிமுறையில் இயங்கும் வேறு செயலிகளில் அந்தக் கணக்குகள் தெரிந்தன. ஆகஸ்டில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநில வயதுச் சான்றுச் சட்டத்தை ஏற்க முடியாது என்று நிறுவனம் அங்கே தன் செயலியை நிறுத்தியபோதும் இதேதான் நடந்தது. கறுப்பினப் பயனர்களுக்காகத் தொடங்கப்பட்ட ப்ளாக்ஸ்கை, சேமிப்பு சர்வரிலிருந்து ரிலே வரை தனக்கென்று கட்டத் தொடங்கியது. ஆட்கள் எண்ணிக்கையில் இவை சிறியவை. பிரேசில் தடையின்போது இந்த அளவுக்கான மாற்று வழி இருக்கவில்லை.

பிரேசிலிலும் சட்டம் நகர்ந்தது. 2014இன் இணையச் சட்டத்தின் 19ஆவது பிரிவு, நீதிமன்ற உத்தரவை மீறினால் மட்டுமே தளம் பொறுப்பு என்று சொன்னது. 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதன் ஒரு பகுதி அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்துத் தளங்களின் பொறுப்பைக் கூட்டியது.

எதை மாற்றிச் செய்யலாம்

பயனர் பக்கத்தில் முதலாவது, தன் பதிவுகளின் நகல். எக்ஸில் காப்பகத்தைக் கேட்டால் கைக்கு வர ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். ஆகஸ்ட் 28 உத்தரவைப் பார்த்த பிறகு கேட்டவர்களுக்கு நேரம் போதாமல் போயிருக்க வாய்ப்பு அதிகம். தடைக்குப் பின் உள்ளே போகவே முடியாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை நகல் எடுத்து வைப்பவருக்கு இந்தக் கவலை இல்லை.

பின்தொடர்வோர் வேறு நாட்டில் இருப்பவர்கள், ஃபேன் பேஜ் நடத்துபவர்கள் போல, தளத்துக்கு வெளியே ஒரு முகவரியை முன்கூட்டியே வாசகர்களுக்குப் பழக்கியிருக்க வேண்டும். சொந்த டொமைன் இருந்தால் ப்ளூஸ்கையில் அதையே பயனர்பெயராக வைத்துக்கொள்ளலாம். மஸ்தடானில் தன் தளத்தை இணைத்து இது நான்தான் என்று உறுதி காட்டலாம். ஒரு பத்திரிகையோ அரசுத் துறையோ இதைச் செய்யாமல் இருக்கக் காரணமே இல்லை, செலவு சொற்பம். இரண்டு உலகங்களுக்கும் நடுவே பாலமாக பிரிட்ஜி ஃபெட் என்ற சேவை இருக்கிறது. அதன் கணக்கைப் பின்தொடர்ந்தால் போதும், ஒரு தளத்தில் எழுதுவது மற்றதிலும் தெரியும். தடைக்காலத்தில் அது இருந்தும் பிரேசிலில் பெரிதாகப் பயன்படவில்லை.

தளம் நடத்துபவர்களுக்கு: புதிய மொழி பேசும் கூட்டம் வருவதற்கு முன்பே அந்த மொழி தெரிந்த இரண்டு மூன்று பேராவது புகார் பார்க்கும் குழுவில் இருக்க வேண்டும். 40 நிமிடம் என்பது தேக்கமாக மாறியது சர்வர் வாங்கத் தெரியாததால் இல்லை.

பிரேசிலில் மஸ்தடான் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் கடினமான வேலை காத்திருக்கிறது. இந்த வழக்கில் நீதிமன்றம் திரும்பத் திரும்பக் கேட்டது "இந்த நாட்டில் யார் பொறுப்பு?" என்பதை. எக்ஸிடம் அதற்கு ஒரு மாதத்துக்கு மேல் பதில் இல்லை. தன்னார்வலர் நடத்தும் சர்வரில் பதில் உடனே கிடைக்கும்: அவரே, அவர் வீட்டு முகவரியோடு. வழக்கறிஞரின் துணையும், ஒரு சங்கமோ அறக்கட்டளையோ பதிவு செய்து அதன் பேரில் சர்வரை வைப்பதும், நீதிமன்றக் கடிதம் வந்தால் யார் எத்தனை மணி நேரத்துக்குள் பதில் சொல்வது என்ற எழுத்து ஏற்பாடும் அவர்களுக்கு அடுத்த கூட்டம் வருவதற்கு முன்பே வேண்டும்.